குப்பை லாரிக்குக் காத்திருப்பவர்கள்

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மெஷினை ஓடவிட்டால் அந்த ஜெராக்ஸ் கடை அடுப்பங்கரையாகச் சூடேறிவிடும். அப்படியும் மச்சான் விடவில்லை. பங்கு வாங்கலாம் என்று கண் வைத்திருந்த கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பக்கம் பக்கமாக நாலு பிரதி எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தான். அட்டைக்கு மட்டும் தாராளமாகக் கலர் போட்டிருந்தான். பச்சைப் புல்வெளி, நடுவில் ஒரு வெள்ளைக் கட்டடம், மேலே நீல வானம். ஒரு குப்பைக் கம்பெனியின் புத்தகத்தில் மருந்துக்குக்கூடக் குப்பை இல்லையே என்பதுதான் செக்கிங்குக்கு முதலில் பட்டது. அதை வாய்விட்டுச் சொன்னால் மச்சானுக்குக் கோபம் வரும் என்று இன்னொரு பக்கத்தைத் திருப்பினார்.

செக்கிங் என்பது அவருடைய பெயரல்ல, பார்த்த வேலை. அம்மா அப்பா வைத்த பெயர் பாங்க் பாஸ்புக்கில் பத்திரமாக இருக்கிறது. தலை நரைக்கும்வரை ஒரு பெரிய ஜவுளிக்கடையின் கீழ்த்தளத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். பகலெல்லாம் வாடிக்கையாளர்களின் கைகளைப் பார்க்க வேண்டும். கடை சாத்தும்போது பின்வாசலில் நின்று வேலை செய்பவர்களின் பைகளைப் பார்க்க வேண்டும். முறைத்துக்கொண்டே பையைத் திறந்து காட்டுகிறவர்களை உடனே விட்டுவிடுவார். சிரித்த முகத்தோடு, கேட்பதற்கு முன்பே திறந்து காட்டுகிறவர்களைத்தான் இரண்டாவது தடவை பார்ப்பார். அவர் கண்ணுக்குத் தப்பியது எதுவுமில்லை என்று கடையில் பேச்சு. தப்பியதெல்லாம் தப்பியே போய்விட்டதால் அதைப் பற்றிப் பேச ஆளில்லை, அவ்வளவுதான். வேலையை விட்டு வந்த பிறகும் கண்ணுக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. யாராவது பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தால் அடியில் இருக்கிற பழத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ‘வாங்க’ என்பார் என்று அவர் மனைவியே கேலி பேசுவாள்.

கடையில் இருந்த மற்ற இருவரில் ஒருவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், இன்னொருவர் கணக்கு டியூஷன் எடுக்கும் டீச்சர். கடை மச்சானுடையது, அவன் செக்கிங்கின் மனைவிக்குத் தம்பி. அவனோடு சேர்த்து நாலு பேர். நாலு பேருக்கும் கையில் கொஞ்சம் காசு, மனதில் நிறைய ஆசை. முன்பு ஒரு பேட்டரி ஸ்கூட்டர் கம்பெனியில் ஆளாளுக்கு முந்திக்கொண்டு பங்கு வாங்கிச் சூடுபட்டவர்கள். அந்தக் கம்பெனி இப்போது எங்கே இருக்கிறது என்று அதன் முதலாளிக்கே தெரியாது. அதிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். நாலு பேரும் சரி என்றால்தான் வாங்குவது, ஒருத்தர் தலையாட்டாவிட்டாலும் யாரும் தொடக்கூடாது. கட்டுப்பாடு போட்ட நாளிலிருந்து அவர்கள் எதையும் வாங்கவில்லை. ஏனென்று சொல்ல வேண்டியதில்லை.

“மாமா, இது சாதாரண குப்பைக் கம்பெனி இல்ல, டெக்னாலஜி” என்று ஆரம்பித்தான் மச்சான். “ஊர்க் குப்பையெல்லாம் உள்ள போகுது. காத்துப் படாம மூடின உலையில வேகுது. அதுல வர்ற கேஸ்ல இஞ்சின் ஓடுது, கரண்ட் வெளிய வருது. மனுஷன் இருக்கிற வரைக்கும் குப்பை தீருமா? குப்பை தீராத வரைக்கும் இவங்களுக்கு வருமானம் தீருமா?”

“குப்பைக்கு இவங்க காசு குடுக்கறாங்களா, இல்ல குப்பை போடறவன் இவங்களுக்குக் குடுக்கறானா?” என்று கேட்டார் செக்கிங்.

“ரெண்டு பக்கமும் இவங்களுக்குத்தான் மாமா காசு. குப்பையை எடுத்துக்கறதுக்கு நகராட்சி குடுக்குது. கரண்டுக்கு மின்வாரியம் குடுக்குது.”

“ரெண்டு பக்கமும் காசு வர்ற கம்பெனியோட பங்கு எதுக்கு இவ்வளவு மலிவா கெடக்குது?”

“அதான் சார், ஊருக்கு இன்னும் தெரியல” என்றார் டீச்சர்.

“நமக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

மெஷின் தானாக ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. மச்சான் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவன் முகம் அவ்வளவு சிவந்து அவர் பார்த்ததில்லை. வெறும் பேச்சுக்கு ஏன் இத்தனை கோபம் என்று அப்போதே ஒரு முடிச்சு மனதில் விழுந்தது.

அவருக்கும் இது வெறும் பேச்சு அல்ல. இருபத்தைந்து வருஷமாகக் குடியிருக்கும் வாடகை வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறார். நீங்களே எடுத்துக்கொள்வதாக இருந்தால் முதல் உரிமை உங்களுக்குத்தான், வருஷக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்று கெடு கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற மனைவியின் கையில் ஒரு தொகை வந்திருந்தது. அவள் வாழ்நாள் முழுக்க நைட் டியூட்டி பார்த்ததற்கு மிச்சம் அதுதான். அது வீட்டுக்குப் போதாது, ஆனால் ஒரேயடியாகத் தூர நிற்கவும் இல்லை. கம்பெனியின் அடுத்த காலாண்டு ரிசல்ட் வந்ததும் பங்கு ஒன்றுக்கு இரண்டாகும் என்று மச்சான் வீட்டுக்கு வந்து சொன்னதைக் கேட்டு அவள் கண்கள் அடுப்பை விட்டு விலகியதை அவர் பார்த்தார். அன்றிரவு சாப்பாடு பரிமாறும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

“நல்ல கம்பெனியான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா எனக்கு நிம்மதியா இருக்கும்.”

அவருக்கு உள்ளூரக் குளிர்ந்து போயிற்று. இத்தனை வருஷத்தில் அவருடைய சந்தேகத்தைக் கேலி செய்தவள் இப்போது அதைக் கேட்டு வாங்குகிறாள். இதை ஏனோதானோவென்று செய்துவிடக் கூடாது என்று முடிவு கட்டினார்.

வழி சொன்னது டிரைவிங் மாஸ்டர்தான். “பிளான்ட் ஊருக்கு வெளிய பைபாஸ் பக்கத்துலதான இருக்கு. தினம் இத்தனை டன் குப்பை உள்ள போகுதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கான். லாரி போகுதா இல்லையான்னு கண்ணால பாத்துட்டா தீர்ந்தது.”

கேட்பதற்கு எளிதாக இருந்தது. போய்ப் பார்த்தால் அந்த கேட்டுக்கு எதிரே பொட்டல். டீக்கடை இல்லை, பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கிறது, நிழலுக்கு ஒரு மரமில்லை. இருப்பது ஒரே ஒரு பஞ்சர் கடை. பஞ்சர் கடையில் ஒரு மனிதன் மணிக்கணக்கில் உட்கார வேண்டுமென்றால் பஞ்சர் ஆகியிருக்க வேண்டும். எனவே நாலு படித்த மனிதர்கள், முறை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு நாள் பைபாஸ் வளைவில் வண்டியை நிறுத்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தங்கள் டயரில் தாங்களே காற்றைப் பிடுங்கிவிட்டு, அந்தக் கடைவரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். டீச்சர் ஸ்கூட்டியைத் தள்ளினார். மாஸ்டர் எல் போர்டு போட்ட காரையே கொண்டுபோனார், கூடவே ஓட்டப் பழக வந்த ஒரு ஆளும். பாவம், அந்த ஆள் கட்டிய பீஸுக்கு அன்று முழுவதும் ஸ்டெப்னி மாற்றுவதைப் பற்றிய பாடம்தான் கிடைத்தது. ஓட்டையே இல்லாத ட்யூபைத் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்த பஞ்சர்கடைக்காரன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்ட காசை வாங்கிக்கொண்டு உட்காரப் பெஞ்சு போட்டுக் கொடுத்தான்.

மூன்று பேரும் பூரித்துப் போய்த் திரும்பி வந்தார்கள். லாரி மேல் லாரி, வந்தபடி இருக்கிறது. கேட் திறந்தபடி இருக்கிறது. புகைபோக்கியில் வெள்ளையாக, பூப்போலப் புகை. “நான் எண்ணினது புஸ்தகத்துல இருக்கறதுக்கு மேலயே வருது சார்” என்று டீச்சர் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு, தப்பாக இருக்க வாய்ப்பில்லை. கடைசி முறை செக்கிங்குடையது.

அவர் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பெஞ்சு தயாராகச் சுவரோரம் போடப்பட்டிருந்தது. ஒரு செய்தித்தாள்கூட மடித்து வைக்கப்பட்டிருந்தது. உட்கார்ந்து வியர்வையைத் துடைப்பதற்குள் முதல் லாரி வந்தது. நீலத் தார்பாய் இழுத்துக் கட்டிய லாரி. கேட்டருகே வேகம் குறைந்தது, செக்யூரிட்டி தடுப்பைத் தூக்கினான், உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. எல்லாம் நீலத் தார்பாய்தான், எல்லாம் மூலைக்கு மூலை இறுக்கிக் கட்டியதுதான். அவர் லாரிகளை எண்ணவில்லை. எண்ணுவதற்கு மூன்று பேர் இருந்தார்கள். அவர் டிரைவர்களைப் பார்த்தார்.

ஒவ்வொரு டிரைவரும் கேட்டுக்குள் திரும்புவதற்கு முன் ஒரு கணம் பஞ்சர் கடைப் பக்கம் பார்த்தான். சும்மா ரோட்டைப் பார்க்கும் பார்வை இல்லை அது. பெஞ்சில் ஆள் இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, உடனே கண்ணை எடுத்துக்கொள்ளும் பார்வை. அந்தப் பார்வையோடுதான் அவர் பிழைப்பு நடத்தினார். சேலைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சூப்பர்வைசர் எங்கே இருக்கிறார் என்று தேடுகிற கண்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். நாம் லாரியைப் பார்க்க வந்தோமா, லாரி நம்மைப் பார்க்க வருகிறதா என்று ஒரு கேள்வி எழுந்து, எழுந்த இடத்திலேயே நின்றுகொண்டது.

மறுநாள் ஜெராக்ஸ் கடையில் இதைச் சொன்னபோது மாஸ்டர் சிரித்தேவிட்டார். மச்சான் சிரிக்கவில்லை.

“டிரைவர் உங்களைப் பாத்தானா? லாரி ஓட்டறவன் வேற எங்க மாமா பாப்பான், ஆகாசத்தையா? மூணு பேர் எண்ணிட்டு வந்திருக்கோம். டீச்சர் எண்ணியிருக்காங்க. நீங்க என்னடான்னா கண்ணு, பார்வைன்னு ஜோசியம் சொல்றீங்க!”

“நான் வேண்டாம்னு சொல்லலடா. இன்னும் கொஞ்சம் பாக்கணும்னுதான்.”

“எப்பவும் இதேதான். உங்களுக்கு வாழ்க்கையில எதுவுமே நேரா தெரியாதா?”

அக்கா வீட்டுக்காரரிடம் அவன் அப்படிப் பேசியதே இல்லை. டீச்சர் சங்கடத்தோடு கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். செக்கிங்குக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அவமானத்தைவிடப் பெரிதாக இன்னொன்று அரித்தது. நஷ்டம் வந்தாலும் லாபம் வந்தாலும் கால் பங்குதான் இவனுக்கு. பிறகு எதற்கு உயிரே போகிற மாதிரிக் கத்துகிறான்? கம்பெனிக்காரனிடம் ஏதாவது கமிஷன் பேசியிருப்பானோ? ஆளுக்கு இவ்வளவு என்று கொண்டுவந்து சேர்ப்பதற்கு? நினைக்கவே கசப்பாக இருந்தது. மனைவியின் தம்பி, கைக்குழந்தையாக இருந்தபோது இவர் தோளில் தூங்கியவன். ஆனால் நினைப்பு ஒருமுறை வந்துவிட்டால் யார் தம்பி என்று பார்த்தா நிற்கும்?

வீட்டில் மனைவியும் கேட்டாள். “அப்ப கம்பெனி டூப்பா?”

“தெரியல.”

“தெரியலன்னா என்னங்க அர்த்தம்? மூணு பேர் பாத்துட்டு வந்து நல்லா இருக்குன்னு சொல்றாங்களே?” என்றவள் குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். தட்டில் ஊற்றவில்லை. அவர் தானே கரண்டியை வாங்கி ஊற்றிக்கொண்டார்.

ஆகவே யாரிடமும் சொல்லாமல், மொபெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு, முறை யாருக்கும் இல்லாத ஒரு நாளில் பஸ் ஏறிப் போனார். கடைப் பக்கம் போகாமல் தள்ளி இருந்த பஸ் ஸ்டாப்பில், கர்ச்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுக்கொண்டிருந்தார். கண்டக்டர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். காலை போயிற்று, வெயில் உச்சிக்கு ஏறிற்று. ஒரு லாரி வரவில்லை. கேட் சாத்தியே இருந்தது. செக்யூரிட்டி நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு போனில் ஏதோ படம் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். புகைபோக்கியில் புகையும் இல்லை. செக்கிங்குக்கு ஏற்பட்டது பயமா சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை. தான் நினைத்தது சரியாகப் போனதில் ஒரு கெட்ட சந்தோஷம் இருக்கத்தான் செய்தது. கடைசியில் எழுந்து பஞ்சர் கடைக்கு நடந்தார்.

பஞ்சர்கடைக்காரன் அவர் வெறுங்கையோடு வருவதைப் பார்த்து எழுந்து நின்றான். “என்ன சார், வண்டி இல்லாமயே பஞ்சரா?”

அவரும் மழுப்பவில்லை. “லாரி ஒண்ணையும் காணோமே இன்னிக்கு?”

“உலையை ஆறப் போட்டிருக்காங்களாம் சார். அப்பப்ப கழுவி விடுவாங்கன்னு சொன்னாங்க.” அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பெஞ்சை இழுத்துப் போட்டான். “நீங்க வர்றது தெரியாது. உங்க ஆளு போன் பண்ணலையே.”

“எந்த ஆளு?”

“அதான் சார், ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரே. முதல் நாள் ராத்திரி போன் பண்ணிடுவாரு. நாளைக்கு டீச்சர் வராங்க, நாளைக்கு மாமா வராரு, வயசானவரு, பெஞ்ச் போட்டு வைய்யின்னு. நேத்து பண்ணல. கேட் செக்யூரிட்டிகூட வந்து கேட்டுட்டுப் போனான், நாளைக்கு யாராச்சும் வராங்களான்னு.”

“அவன் எதுக்குக் கேக்கறான்?”

“தெரியல சார். எப்பவும் கேப்பான்.” பஞ்சர்கடைக்காரன் சிரித்த முகத்தோடுதான் சொன்னான். அந்தச் சிரிப்பை இரண்டாவது தடவை பார்க்க செக்கிங்குக்குத் தெம்பில்லை.

நேராக ஜெராக்ஸ் கடைக்குத்தான் போனார். மச்சான் யாருக்கோ சான்றிதழ் லாமினேட் செய்துகொண்டிருந்தான். அந்த ஆள் போகும்வரை காத்திருந்து கேட்டார். மச்சான் ஒளிக்கவில்லை.

“ஆமா, போன் பண்ணேன். வெயில்ல நிக்க வேண்டாமேன்னுதான். இதுல என்ன தப்பு மாமா?”

அது உண்மையாகவும் இருக்கலாம். அவன் சுபாவமே அதுதான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் முன்கூட்டியே போன் போட்டு நாற்காலி சொல்லிவைக்கிற ஆள். கம்பெனியை வேவு பார்க்கப் போகிற இடத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகிற முட்டாள்தனத்தை இவனைத் தவிர யாரும் செய்ய முடியாது. ஆனால் முகத்தில் ஈயாடவில்லையே. போன் விஷயம் அவனை உறுத்தவில்லை. அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருந்தது. லாமினேஷன் மெஷினை அணைக்க மறந்து அதன் மேலேயே கையை வைத்துச் சுட்டுக்கொண்டான்.

“என்னடா மறைக்கிற? கமிஷனா?”

“அய்யோ மாமா!” என்றவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு கையை ஊதிக்கொண்டே, “அக்காகிட்டக் கேளுங்க” என்றான்.

மனைவி துவைத்து உலர்ந்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷமானாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மடிப்பதுபோல மூலையை உள்ளே தள்ளி, தட்டி, தடவித்தான் மடிப்பாள். அவர் கேட்டதும் அவள் கை நிற்கவில்லை. அந்த விரிப்பை முழுதாக மடித்து வைத்துவிட்டுத்தான் சொன்னாள்.

“போட்டுட்டேன்.”

“எதை?”

“எல்லாத்தையும்தான். பணம் கைக்கு வந்த வாரமே. தம்பிதான் அவன் போன்ல வாங்கிக் குடுத்தான். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். அவனைத் திட்டாதீங்க.”

செக்கிங் கட்டிலில் உட்கார்ந்தார். பங்கு விலை அப்போது இருந்ததைவிட இறங்கியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். தினமும் காலையில் பேப்பரில் அதைத்தான் முதலில் பார்த்துக்கொண்டிருந்தார், வாங்கவில்லையே என்ற நிம்மதியோடு.

“ஏன் என்னைக் கேக்கல?”

“கேட்டா என்ன சொல்லுவீங்க? சீட்டுப் போடலாம்னேன், வேண்டாம்னீங்க. மனை வாங்கலாம்னேன், வேண்டாம்னீங்க. ஒரு தையல் மெஷின் வாங்கலாம்னு சொன்னதுக்கு அந்தக் கடைக்காரன் மூஞ்சி சரியில்லைன்னீங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க சரின்னு சொன்னது ஒண்ணே ஒண்ணு இருந்தா சொல்லுங்க, கேட்டுக்கறேன்.”

யோசித்துப் பார்த்தார். விரல் விட்டு எண்ணப் போய், ஒரு விரல்கூட மடங்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்புறம் எதுக்கு என்னைப் போய்ப் பாக்கச் சொன்ன?”

அவள் இப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “போட்ட நாள்லேர்ந்து தூக்கம் இல்லைங்க. தம்பி நல்லதுன்னு சொல்றான், டீச்சர் நல்லதுன்னு சொல்றாங்க. அவங்க எல்லாத்தையும்தான் நல்லதுன்னு சொல்லுவாங்க. நீங்க ஒருத்தர் சொல்லிட்டா அது நெஜமா இருக்கும்.”

அவருக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் எங்கே போவது என்று தெரியாமல் வேறொன்றாக மாறியது. வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேர் பையைத் திறந்து பார்த்தவர், இவள் கைப்பையை மட்டும் ஒருநாளும் திறந்ததில்லை. அதைத் தன்னுடைய பெரிய அன்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தன் பக்கத்திலேயே படுத்து ஒருத்தி தூங்காமல் கிடந்ததைக் கவனிக்காதவனுக்கு ஊரில் செக்கிங் என்று பெயர். வெட்கமாக இருந்தது.

“வெள்ளிக்கிழமை ரிசல்ட்” என்றார். “விக்கறதுன்னா அதுக்கு முன்னாடியே வித்துடணும். இப்ப வித்தா பாதிக்கு மேல தேறும்.”

“பாதியில வீடு வராதே.”

“வராது.”

“வச்சிருந்தா?”

“முழுசா வரலாம். முழுசா போகவும் போகலாம்.”

அவள் தலையணை உறையை உதறி மடிக்கத் தொடங்கினாள். “நாளைக்கு நானும் வரேன்” என்றாள். “ரெண்டு பேரும் பாத்துட்டு முடிவு பண்ணலாம். தம்பிகிட்டச் சொல்ல வேண்டாம்.”

மறுநாள் இருவரும் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். அவள் முன்பு டியூட்டிக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் செருப்பைப் போட்டிருந்தாள். பைபாஸின் ஓரத்தில் அவருக்குப் பின்னால் வராமல் பக்கத்திலேயே நடந்தாள். பஞ்சர்கடைக்காரன் ஜோடியாக வருகிறவர்களைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்து, ஒன்றும் கேட்காமல் பெஞ்சைத் தட்டிக் கொடுத்தான். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனான். வீட்டுக்காரியிடம் பேசப் போகிறானா, கேட்டுக்குச் சொல்லப் போகிறானா? செக்கிங் எட்டிப் பார்க்கப் போனார். மனைவி அவர் சட்டை நுனியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“சுத்தமா இருக்கு, இல்ல?” என்றாள் கேட்டைப் பார்த்து. “எங்க பிரசவ வார்டு மாதிரி.”

“அதான் பயமா இருக்கு.”

“பாருங்க, புகை வருது.”

வரத்தான் செய்தது. மெல்லிசாக, வருவதும் நிற்பதுமாக. நேற்று ஆறிய உலை இன்று மூட்டப்பட்டிருக்கலாம். அல்லது யாரோ இப்போதுதான் எதையோ பற்றவைத்திருக்கலாம். இரண்டுக்கும் சமமாக இடம் இருந்தது. மனைவிக்கு முட்டி வலிக்கும், காலை நீட்டி உட்காரச் சொன்னார். அவள் கொண்டுவந்த தண்ணீரை இருவரும் குடித்தார்கள். இந்த மாதிரி ஒரு பொது இடத்தில் இருவரும் வேலை வெட்டி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டார். அதை அவளிடம் சொல்லலாமா என்று யோசிக்கும்போதே வளைவில் இஞ்சின் சத்தம் கேட்டது.

“வருது!” என்று எழுந்துவிட்டாள். நீலத் தார்பாய் போட்ட லாரி ஒன்று மெதுவாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவர் வழக்கம்போல டிரைவரின் கண்ணைத் தேடினார். கண்ணாடியில் வெயில் அடித்து ஒன்றும் தெரியவில்லை.

“உள்ள குப்பை இருக்கா இல்ல காலியா, எப்படித் தெரியும்?” என்றார். “இழுத்துக் கட்டியிருக்கானே.”

மனைவி அவரை வினோதமாகப் பார்த்தாள். “என்னங்க இது, குப்பைன்னா நாறுமே?”

செக்கிங்குக்குச் சுரீரென்றது. நாலு பேர், நாலு நாள், எத்தனை ஜோடிக் கண்கள். ஒருத்தருக்கும் மூக்கு என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரவில்லை. இந்தக் கடையில் ரப்பர் சொல்யூஷன் வாடையில் உட்கார்ந்துகொண்டு எல்லாரும் எண்ணியெண்ணிக் கண் பூத்ததுதான் மிச்சம்.

“எனக்கு ஆஸ்பத்திரி லோஷன்ல மூக்கு செத்துப் போயி வருஷக்கணக்காச்சு. சாம்பார் கருகினாக்கூட நீங்கதான சொல்லுவீங்க” என்றாள் அவள் பரபரப்பாக. “நீங்க போய்ப் பாருங்க. போங்க, கிட்டப் போங்க.”

அவர் கடையை விட்டு விலகி ரோட்டு ஓரத்துக்கே போய் நின்றார். காற்று அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம்தான் வீசியது. லாரி அவரைக் கடந்தது. தார்பாயின் ஒரு மூலை படபடவென்று அடித்துக்கொண்டது. கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். டீசல் வந்தது. சூடான ரோட்டின் தார்வாடை வந்தது. சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த ரப்பர் வந்தது. அதற்கெல்லாம் அடியில், ஏதோ அழுகியது, புளித்தது, ஒரு கணம் வந்த மாதிரி இருந்தது. வந்ததா? வரவேண்டும் என்று இவ்வளவு ஆசைப்பட்டால் வராததும் வந்த மாதிரித்தான் இருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று உண்மையாக இருக்க வேண்டும் என்று அவர் மனதார விரும்பினார். அதனாலேயே தன் மூக்கைத் தானே நம்ப முடியாமல் நின்றார். லாரி உள்ளே போய், தடுப்பு இறங்கியது.

திரும்பிப் பார்த்தார். மனைவி லாரியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாடி பார்த்துவிட்டு டாக்டர் என்ன சொல்லப்போகிறார் என்று கட்டிலருகே நிற்கிற சொந்தக்காரர்களை அவள் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பாள். இப்போது அவளே அப்படி நின்றாள்.

“என்னங்க?”



“இன்னொரு லாரி வரட்டும்” என்றார்.

அவள் சரி என்று தலையாட்டி, பெஞ்சில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, சலவை செய்த ஒரு கைக்குட்டையை எடுத்தாள். நாற்றம் வந்ததும் அவர் சொல்வார், சொன்னவுடன் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். மூலைக்கு மூலை சரியாக மடித்து அதை மடியில் வைத்துக்கொண்டு, வளைவைப் பார்க்கத் தொடங்கினாள்.